பயிற்சித் திடலில் பெற்றோர் கடமை

மாலை வேளைகளில் நம் மாவட்டத்துக் கிராமங்கள் பலவற்றில் சிறுவரும் சிறுமியரும் கபடி பழகுவதைக் காணலாம். தறியை நிறுத்திவிட்டு வரும் தந்தையும், வயல் வேலை முடித்து வரும் தாயும் திடலோரத்தில் நின்று பார்ப்பது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அங்கு நிற்பதற்கும் ஒரு முறை உண்டு. அதனை அறியாமையால் நல்ல குழுக்கள் கலைகின்றன. பிள்ளைகள், சிறப்பாகப் பெண் குழந்தைகள், ஆட்டத்தை விட்டே விலகிவிடுகின்றனர். அம்முறையை நம் அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் கபடியின் இயல்பை நோக்குவோம். ஓர் அணியில் எழுவர் களத்தில் நிற்பர். பாடிச் செல்பவர் 30 வினாடிக்குள் எதிரணியினரைத் தொட்டு மீளவேண்டும். அதுவரை அவருடைய 'கபடி, கபடி' என்னும் ஒலி நடுவர் செவியில் இடையறாது விழவேண்டும். பிடிப்போர் கைகோத்துச் சங்கிலியாக நின்று, ஒரே கணத்தில் பாய்வர். பாய வேண்டிய கணம் எது என்பதைப் பயிற்சியாளர் நாள்தோறும் பழக்கி வருகிறார். அவ்வேளையில் ஓரத்திலிருந்து ஒரு தந்தை, "பிடி, விடாதே!" என்று கூவினால் என்ன நேரும்? அவர் மகன் பாய்வான், கைகோத்த தோழன் நிற்பான், சங்கிலி அறுந்துவிடும். தறியில் ஒருவர் மிதியை மிதிக்க, மற்றொருவர் நாடாவை எறிந்தால் இழை அறுவதை நெசவாளர் அறிவர். இதுவும் அத்தகையதே.

குழந்தையின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. தந்தை சொல்லை மீறினால் வீட்டில் குற்றம். பயிற்சியாளர் சொல்லை மீறினால் திடலில் குற்றம். ஆகவே அது எதிராளியைப் பாராமல் தந்தையின் முகத்தையே பார்த்து ஆடத் தொடங்குகிறது. கவனம் சிதறிய இடத்தில் கை கால்களில் காயம் படுவதும் எளிது.

சங்க நடைமுறையை அறிந்த நமக்கு இது புதிய பாடம் அன்று. பண்டகசாலையில் நூல் நிறுக்கும்போது அங்கத்தினர் எவரும் உள்ளே புகுந்து தராசைப் பிடிப்பதில்லை. ஐயம் எழுந்தால் செயலாளரைக் கேட்கிறோம். தீராவிடில் நிர்வாகக் குழுவிடம் முறையிடுகிறோம். பேரவையில் எழுந்து வினவுகிறோம். திடலிலும் இவ்வொழுங்கே பொருந்தும். "என் மகளை ஏன் மாற்றாளாக வைத்தீர்கள்?" என்று பயிற்சியாளரைக் கேட்கப் பெற்றோர்க்கு உரிமை உண்டு. அதனைப் பயிற்சி நடக்கும்போது, பிற பிள்ளைகள் முன்னிலையில் கேட்பது முறையன்று. பயிற்சி முடிந்தபின் தனித்துக் கேட்கலாம். மாதம் ஒருமுறை பெற்றோர் கூட்டம் வைத்துக்கொள்வது இன்னும் நன்று.

பிற நாட்டினரும் இச்சிக்கலைச் சந்தித்துள்ளனர். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துச் சிறுமியர் கால்பந்துக் கழகம் ஒன்று, 1999-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று பெற்றோர் வாய் திறவாமல் ஆட்டம் பார்க்கவேண்டுமென ஏற்பாடு செய்தது. நார்வே நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பு 1987-லேயே குழந்தைகள் விளையாட்டுக்கென விதிகள் வகுத்து, 2007-இல் அவற்றைத் திருத்தியது. இளஞ்சிறார்க்கு வெற்றிப் பட்டியலும் தரவரிசையும் வேண்டாம் என்பது அவ்விதிகளுள் ஒன்று. வெற்றியைக் காட்டிலும் பிள்ளை தொடர்ந்து ஆடுவதே முதன்மை என்பது அவர்கள் கருத்து.

திடலோரப் பேச்சில் மிகக் கொடியது, பிள்ளையின் உடலைப் பற்றிய பேச்சு. "பெண்ணா இவள், ஆண்பிள்ளை போல் இருக்கிறாளே", "இந்தக் குச்சிக்காலை வைத்துக்கொண்டா" என்பன போன்ற சொற்கள் வேடிக்கையாகவே சொல்லப்படுகின்றன. நம் மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில், செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சவுந்தரராஜன் அவர்கள், 2006-ஆம் ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பின்னர் உடல் பற்றிய ஒரு சோதனையைக் காரணங்காட்டி அப்பதக்கம் பறிக்கப்பட்டது. உலகோர் பேச்சுக்கு ஆளாகியும் அவர் திடலை விட்டு அகலவில்லை. பிள்ளைகளுக்கு ஓட்டம் பயிற்றும் பணியில் இறங்கினார். அவருக்கிருந்த உறுதி பத்து வயதுச் சிறுமிக்கு இருக்கும் என எதிர்பார்க்கலாகாது. ஒரு சொல் கேட்டு அவள் மறுநாள் வாராமலே இருந்துவிடலாம்.

மௌனம் காக்கச் சொல்வது, திடலுக்கே வரவேண்டாம் என்பதாகாது. பார்த்து நிற்பது பெற்றோரின் கடமை. பெற்றோர் பார்க்கக்கூடாது என்று மூடிவைக்கும் பயிற்சியை ஐயுறுதல் வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களினின்று காக்க 2012-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. பயிற்சியாளர் அடித்தாலோ, தகாத முறையில் நடந்தாலோ மாதக் கூட்டம் வரை காத்திராமல் உடனே தலையிட வேண்டும். 1098 என்னும் எண்ணில் தெரிவிக்கவும் வேண்டும்.

இனி, பெற்றோர் கைக்கொள்ள வேண்டியவை:

1. கோட்டுக்கு வெளியே, சற்று விலகி நிற்க. ஆட்டக் கட்டளைகளைப் பயிற்சியாளருக்கே விடுக.

2. கைதட்டுவதாயின் எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டுக. பிறர் பிள்ளையைப் பழிக்கற்க.

3. குறித்த நேரத்தில் பிள்ளையை அனுப்புக. கீரமங்கலம் பகுதியில் விடியலில் பூப்பறிக்கும் குடும்பங்களும், வீட்டில் தார் சுற்றப் பிள்ளையின் துணையை நாடும் குடும்பங்களும், பயிற்சிக்கு ஏற்ற வேளையைப் பயிற்சியாளருடன் முன்கூட்டியே கலந்து வகுத்துக்கொள்க. பாதியில் வந்து அழைத்துச் செல்வது அணி முழுவதையும் கெடுக்கும்.

4. குடிநீர், மோர், காயத்துக்கு மருந்து ஆகியவற்றைப் பெற்றோர் முறை வைத்துக் கொணர்க. இது வெயில் மிகுந்த நம் பகுதிக்கு இன்றியமையாதது.

5. மது அருந்தியோ, புகைபிடித்தபடியோ திடலருகே வரற்க.

6. வீடு திரும்பும் வழியில் தோல்வியைப் பற்றி விசாரணை நடத்தற்க. "பசிக்கிறதா?" என்று கேட்டாலே போதும்.

கூட்டுறவு என்பது பங்குத்தொகையோடு முடிவதன்று. எழுவர் கைகோத்து ஒருவரைப் பிடிக்கப் பழகும் பிள்ளை, பின்னாளில் நம் சங்கத்துக்கும் நல்ல அங்கத்தினனாவான். அப்பழக்கம் வேரூன்றும் வரை, நாம் கோட்டுக்கு வெளியே அமைதியாக நிற்போமாக.