வீடு மாறினோம், அனுமதிப்பத்திரம் மாறியதா?

வீடு மாறும்போது வங்கிக்கும் மின்சாரக் கம்பனிக்கும் மறவாமல் அறிவிக்கிறோம். மதுபானம் விற்பதற்காக நமது பெயரில் பெற்ற தனிநபர் அனுமதிப்பத்திரம் மட்டும் பழைய முகவரியுடன் மேசை லாச்சியில் கிடந்துவிடுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடை நடத்தும் நம்மவர்கள் இதில் அசட்டையாக இருத்தல் ஆகாது.

2003ஆம் ஆண்டு அனுமதிச் சட்டத்தின் 127ஆவது பிரிவின்படி, முகவரி மாறினால் இயன்றவரை விரைவில் அறிவிப்பது நமது கடமை. தக்க காரணமின்றித் தவறுவது குற்றம். 500 பவுண் வரை அபராதம் விதிக்கலாம். முகவரி மாற்றக் கட்டணமோ 10.50 பவுண்தான்.

யாருக்கு அறிவிப்பது? பத்திரத்தை வழங்கிய கவுன்சிலுக்கே. ஹரோவில் குடியிருந்தபோது பெற்றவர் இன்று குரொய்டனில் வசித்தாலும், கடை வேறோர் இடத்தில் இருந்தாலும், ஹரோ கவுன்சிலுக்கே எழுதவேண்டும். பத்திரத்தையும் உடன் அனுப்பவேண்டும். இயலாவிடில் அதற்கான காரணத்தை எழுதவேண்டும்.

கடையின் அனுமதிப்பத்திரம் வேறு. அதில் நாம் உரிமையாளராகவோ நியமிக்கப்பட்ட மேற்பார்வையாளராகவோ பதிவாகியிருந்தால், கடை அமைந்துள்ள கவுன்சிலுக்கும் தனியே தெரிவிக்கவேண்டும்.

முன்பு தனிநபர் பத்திரத்தைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் விதி இருந்தது. புதுப்பிக்கும்போதாவது பழைய முகவரி கண்ணில் படும். 2015 ஏப்ரலில் அவ்விதி நீங்கியது. அலைச்சல் குறைந்தது நல்லதே. ஆனால் நினைவூட்டும் தவணைத் தேதியும் அதனோடு போய்விட்டது. இனி நாமே நினைவில் வைத்தாலன்றி வழியில்லை.

புதுவீட்டில் பால் காய்ச்சிய கையோடு இக்கடிதங்களையும் எழுதி முடிப்போமாக.