இடம் மாறிய பணி: கணினிவழித் தொழிலாளர்க்கு 2020 உணர்த்தியவை

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, ஆலைகளும் அங்காடிகளும் ஒரே நாளில் மூடப்பட்டன. கணினியின் துணைகொண்டு செய்யப்படும் பணி மட்டும் தடையேதுமின்றி இல்லங்களுக்கு இடம்பெயர்ந்துவிட்டது என்னும் கருத்து அன்று முதல் பரவலாக நிலவி வருகிறது. இது முழு உண்மையன்று. கணினியை வீட்டுக்கு எடுத்துச் செல்வதற்குச் சில நாட்களே தேவைப்பட்டன. அக்கணினியைச் சூழ்ந்திருந்த அரசு விதிகளும், வாடிக்கையாளர் ஒப்பந்தங்களும், பணி நியமன நிபந்தனைகளும் இடம்பெயர்வதற்கோ ஆண்டுகள் பிடித்தன. சில இன்னும் இடம்பெயரவில்லை. தொழில்நுட்பத் திறன் ஒன்றே போதிய பாதுகாப்பு என எண்ணியிருந்தவர்கள், தம் பணியைத் தாங்கி நிற்பவை எழுத்துமூலமான ஏற்பாடுகளே என்பதை அவ்வாண்டில் கண்டுகொண்டனர்.

கணினிவழித் தொழிலாளர் என்றவுடன் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் உள்ள மென்பொருள் பொறியாளர்களே நினைவுக்கு வருகின்றனர். தகவல் தொழில்நுட்பத் துறையிலும் அதனைச் சார்ந்த சேவைகளிலும் அப்போது 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றி வந்தனர். ஆயினும், மின்கோப்புகளைக் கையாளும் அரசு அலுவலர், சிற்றூரில் கைரேகைக் கருவியுடன் அமர்ந்திருக்கும் வங்கி முகவர், கைப்பேசிச் செயலி இடும் ஆணைப்படி பொருள்களைக் கொண்டு சேர்க்கும் இளைஞர் ஆகியோரும் இவ்வகையினரே. இவர்கள் அனைவரையும் அவ்வாண்டு ஒரே வகையில் பாதிக்கவில்லை.

விதிகள் வகுத்த சுவர்

அழைப்பு மையங்களும் அவைபோன்ற சேவை நிறுவனங்களும் 1999ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கையைத் தொடர்ந்து 'பிற சேவை வழங்குவோர்' என்னும் பிரிவின்கீழ்த் தொலைத்தொடர்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்களைத் தவிர்த்து வெளிநாட்டு அழைப்புகளை உள்நாட்டு இணைப்புகளில் கள்ளத்தனமாகச் செலுத்துவதைத் தடுப்பது இவ்விதிகளின் நோக்கங்களுள் ஒன்று. இதன் காரணமாக, வீட்டிலிருந்து பணிபுரியும் ஊழியர் ஒருவர் அம்மையத்தின் ஒரு நீட்சியாகவே கருதப்பட்டார். அவ்வசதியைப் பெறப் பிணைத்தொகை, தனி உடன்படிக்கை, உரிமம் பெற்ற நிறுவனம் வழங்கும் தனி வலையமைப்பு ஆகியவை தேவைப்பட்டன. ஒரு சிலருக்கு இவ்வேற்பாட்டைச் செய்யலாம். ஆயிரக்கணக்கானோருக்குச் செய்வது இயலாத காரியம்.

ஊரடங்குக்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்னர், 2020 மார்ச் 13 அன்று, தொலைத்தொடர்புத் துறை இந்நிபந்தனைகளை ஏப்ரல் 30 வரை தளர்த்தியது. பின்னர் இச்சலுகை படிப்படியாக நீட்டிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 5 அன்று வெளியான புதிய நெறிமுறைகள் பதிவு செய்யும் கட்டாயத்தையும் வங்கி உத்தரவாதத்தையும் அகற்றின. 2021 ஜூன் 23 அன்று உள்நாட்டு, வெளிநாட்டுச் சேவை மையங்களுக்கு இடையிலான வேறுபாடும் நீக்கப்பட்டது. இருபதாண்டுக் காலம் இன்றியமையாதது எனக் கருதப்பட்ட ஒரு கட்டுப்பாடு பதினைந்து மாதங்களில் கலைந்தது. அக்கட்டுப்பாட்டின் தேவையை முன்னரே மறு ஆய்வு செய்திருக்கலாகாதா என்ற வினா நிர்வாக இயல் பயில்வோரின் கவனத்துக்குரியது.

சிறப்புப் பொருளாதார மண்டலங்களின் நிலை இதனினும் சிக்கலானது. அங்குள்ள கணினிகள் சுங்க வரிச் சலுகையுடன் தருவிக்கப்பட்டவை. அவற்றை மண்டலத்தின் எல்லைக்கு வெளியே எடுத்துச் செல்ல ஒப்புதல் வேண்டும். இல்லத்திலிருந்து பணிபுரிவதற்கென்றே 43ஏ என்னும் தனி விதி 2022 ஜூலை 14 அன்றுதான் சேர்க்கப்பட்டது. அதன்படி ஊழியர்களில் 50 விழுக்காட்டினர் வரை ஓராண்டுக்கு அவ்வாறு பணிபுரிய அனுமதிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே அவ்வரம்பு மேலும் தளர்த்தப்பட்டது. ஊழியர் வீட்டுக்குச் சென்று இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரே விதி அவரைப் பின்தொடர்ந்து வந்தது.

அரசு விதிகளைப் போன்றே தனியார் ஒப்பந்தங்களும் சுவராக நின்றன. வங்கி, காப்பீடு, மருத்துவம் சார்ந்த தகவல்களைக் கையாளும் கூடங்களில் கைப்பேசியோ எழுதுதாளோ கொண்டுசெல்ல அனுமதியில்லாத நிலை வழக்கமானது. தகவல்கள் குறிப்பிட்ட வளாகத்துக்குள் மட்டுமே கையாளப்படும் என வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. எனவே, வாடிக்கையாளரின் எழுத்துமூல ஒப்புதல் கிடைத்த பிரிவினர் உடனடியாக இல்லத்திலிருந்து பணியைத் தொடர்ந்தனர். ஒப்புதல் கிடைக்காத பிரிவினர், திறனில் எவ்விதக் குறைவும் இல்லாதிருந்தும், காத்திருக்க நேர்ந்தது. தாம் கையாளும் தகவல் யாருடையது, அது எந்த நிபந்தனைக்கு உட்பட்டது என்பதை அறிந்திருப்பதும் தொழில் திறனின் ஒரு பகுதியே என்பது இதனால் தெளிவாயிற்று.

மின்கோப்பும் இரும்பு அலமாரியும்

அரசு அலுவலகங்களில் இவ்வுண்மை வேறு வடிவில் வெளிப்பட்டது. தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய மின்னலுவலக முறையை 2020 மே மாதத்தில் மத்திய அரசின் சுமார் 75 அமைச்சகங்களும் துறைகளும் நடைமுறைப்படுத்தி வந்தன. முறை ஒன்றேயாயினும் பயன் ஒன்றாக இருக்கவில்லை. பழைய கோப்புகளை முறையாக வருடிப் பதிந்து, தலைப்பும் தேதியும் இட்டு வைத்திருந்த பிரிவுகளில் அலுவலர் இல்லத்திலிருந்தே குறிப்பு எழுத முடிந்தது. புதிய தாள்களை மட்டும் கணினியில் ஏற்றி, முன்னோடி ஆணைகளை இரும்பு அலமாரியில் விட்டிருந்த பிரிவுகளில், கோப்பு திரையில் தோன்றியும் முடிவெடுக்க இயலவில்லை. ஒரு பிரிவின் வரலாறு மூத்த உதவியாளர் ஒருவரின் நினைவில் மட்டுமே தங்கியிருந்த இடங்களில் அவருடைய தொலைபேசி ஓயாமல் ஒலித்தது. கோப்புக்கு அட்டவணை எழுதுவது கீழ்நிலைப் பணி என்று கருதி வந்தவர்கள் அதன் மதிப்பை அப்போது உணர்ந்தனர்.

மே 13 அன்று பணியாளர் மற்றும் பயிற்சித் துறை சுற்றுக்கு விட்ட வரைவு நெறிமுறைகள், தகுதியுள்ள அலுவலர்களுக்கு ஆண்டுக்கு 15 நாட்கள் இல்லத்திலிருந்து பணிபுரியும் வாய்ப்பை அளிக்கக் கருதின; மறைபொருள் ஆவணங்களை அவ்வாறு கையாளலாகாது எனவும் வரையறுத்தன. அதற்கு முன்னரே, ஏப்ரல் 16 அன்று, 'ஜூம்' காணொலிச் செயலி பாதுகாப்பானதன்று எனவும், அரசு அலுவலர்கள் அலுவல் பணிக்கு அதனைப் பயன்படுத்தலாகாது எனவும் உள்துறை அமைச்சகம் அறிவுறுத்தியிருந்தது. வசதியான கருவியே உகந்த கருவியாகிவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இல்லம் என்னும் பணியிடம்

இல்லத்தைப் பணியிடமாகக் கொள்வதற்கு இல்லம் ஆயத்தமாக இருந்ததா? 2017-18ஆம் ஆண்டில் நடைபெற்ற தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றின்படி, நகரக் குடும்பங்களில் 23.4 விழுக்காட்டிலும் ஊரகக் குடும்பங்களில் 4.4 விழுக்காட்டிலும் மட்டுமே கணினி இருந்தது. சொந்த ஊர் திரும்பிய ஊழியர்கள் மின்வெட்டுக்கும் நலிந்த இணைப்புக்கும் இடையே பணியாற்றினர். மின்கட்டணமும் இணையக் கட்டணமும் யாருடைய செலவு என்பது பல நியமன ஆணைகளில் குறிப்பிடப்படவில்லை. குறிப்பிடப்படாத செலவு தொழிலாளியின் கணக்கிலேயே ஏறியது.

மகளிரின் நிலை தனியே நோக்கத்தக்கது. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் அதில் செலவிடுவதாகக் கண்டறிந்தது. இது பெருந்தொற்றுக்கு முந்தைய நிலை. பள்ளிகள் மூடப்பட்டு, வீட்டுப் பணியாளர் வருகையும் நின்ற பின்னர், ஐந்து மணி நேர வீட்டு வேலையின் மேல் எட்டு மணி நேர அலுவலகப் பணி வந்து அமர்ந்தது. பயணநேரம் மிச்சம் என்னும் வாதம் இக்கணக்கின்முன் வலுவிழக்கிறது. இல்லத்திலிருந்து பணிபுரிவது பற்றிச் சேவைத் துறைக்கான மாதிரி நிலையாணைகளின் வரைவு, 2020 டிசம்பர் 31 அன்று வெளியிடப்பட்டபோது, நியமன நிபந்தனை அல்லது உடன்படிக்கைக்கு உட்பட்டு நிறுவனம் அதனை அனுமதிக்கலாம் என்றது. ஆகவே, பணி நேரம் எப்போது முடிகிறது என்பதை அறிய விரும்பும் ஊழியர் மீண்டும் தம் நியமன ஆணையையே புரட்ட வேண்டியிருக்கிறது.

இல்லத்துக்குச் செல்ல இயலாதோர்

ஊரடங்கின் முதல் வாரங்களில் ஜன் தன் கணக்கு வைத்திருந்த 20 கோடி மகளிர்க்கு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதங்களுக்கு வழங்கப்பட்டது. கூட்டத்தைத் தவிர்க்கும் பொருட்டு, கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தைக் கொண்டு பணம் எடுக்கும் நாள்கள் பிரித்து அறிவிக்கப்பட்டன. தில்லியில் ஒரு நொடியில் வரவு வைக்கப்பட்ட தொகையைச் சிற்றூரில் நாணயமாக்கிக் கையில் கொடுத்தவர்களுள் வங்கி முகவர்களும் பொதுச் சேவை மையத்தினரும் முக்கியமானவர்கள். பலர் விரல் பதித்த கருவியை ஒவ்வொரு முறையும் துடைத்துத் துடைத்து அவர்கள் பணியாற்றினர். அவர்களுள் பெரும்பாலோருக்கு வருவாய் பணப்பரிமாற்றத்தின் மீதான தரகே. நோயுற்று மூடினால் அந்நாளின் வருவாய் இல்லை.

செயலிவழித் தொழிலாளரின் நிலையும் அத்தகையதே. நிறுவனம் அவர்களைக் 'கூட்டாளி' என அழைத்தது. விடுப்பு, காப்பீடு, சேமநலநிதி பற்றிய வினா எழுந்தபோது அச்சொல்லின் பொருள் விளங்கிற்று. 2020-21இல் இத்தகையோர் 77 இலட்சம் பேர் எனவும், 2029-30இல் 2.35 கோடியாக உயர்வர் எனவும் நிதி ஆயோக் 2022 ஜூன் மாத அறிக்கையில் மதிப்பிட்டது. இவர்களுக்கு முதன்முதலாகச் சட்டத்தில் இடமளித்தது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காட்டை, தொழிலாளர்க்குக் கொடுத்த தொகையில் 5 விழுக்காட்டுக்கு மேற்படாமல், நிறுவனங்கள் சமூகப் பாதுகாப்புக்கு அளிக்க வேண்டும் என்பது அதன் விதி. 2020 செப்டம்பரில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற அச்சட்டம் 2025 நவம்பர் 21 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

2025 டிசம்பர் இறுதியில் வெளியான வரைவு விதிகள், இப்பயன்களுக்குத் தகுதிபெற முந்தைய நிதியாண்டில் ஒரு நிறுவனத்துடன் 90 நாட்களோ, பல நிறுவனங்களுடன் மொத்தம் 120 நாட்களோ பணிபுரிந்திருக்க வேண்டும் என்றன. எவ்வளவு சிறிய தொகையாயினும் வருவாய் ஈட்டிய நாள் ஒரு நாளாகக் கணக்கிடப்படும். அந்நாள்களின் பதிவு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. தொழிலாளியின் கைப்பேசியில் தோன்றும் வருவாய்க் கணக்கோ, கணக்கு முடக்கப்பட்ட அன்றே மறைந்துவிடக்கூடியது. ஆதலின், வங்கிக் கணக்கில் நாள்தோறும் வரவாகும் தொகையின் சான்றையும், செயலியின் வாராந்திரச் சுருக்கத்தின் படியையும் தனியே சேமித்து வைப்பது பயன்தரும். ஆதார் எண்ணுடன் 'இ-ஷ்ரம்' தளத்தில் பதிவு செய்துகொள்வோர்க்கு வழங்கப்படும் 12 இலக்கப் பொதுக் கணக்கு எண், நிறுவனம் மாறினாலும் மாநிலம் மாறினாலும் மாறுவதில்லை.