சிறு வள்ளத்திற்கு ஏற்ற மின்கலவடுக்கும் மின்னேற்றியும்

மாத்தளை மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை; ஆயினும் நீர்ப்பரப்பிற்குக் குறைவில்லை. தம்புள்ளைக்கு அணித்தே கண்டலமைக் குளம் விரிந்து கிடக்கின்றது. மகாவலி கங்கையிலிருந்து பொல்கொல்லையில் திருப்பப்பெற்ற நீர், சுரங்கவழியே உக்குவளை மின்னிலையத்தை அடைந்து, பின்னர் சுது கங்கை வழியாக அம்பன் கங்கையிற் கலந்து போவத்தென்னையிலே தேங்குகின்றது. அதற்கும் கீழே, 2017ஆம் ஆண்டு தொடக்கம் மொரகஹகந்தை நீர்த்தேக்கம் நிரம்பி, பழைய ஊர்களும் வயல்களும் இருந்த இடத்தைப் பெருநீராக்கியது. இந்நீர்நிலைகளிலே திலாப்பியா மீன் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல. அவர்களது வள்ளம் சிறிது, வருவாயும் சிறிது.

2022ஆம் ஆண்டு எரிபொருட் பஞ்சம் நாட்டை வாட்டியபோது, பெற்றோலை நம்பியிருந்தோர் பட்ட பாட்டை யாவரும் அறிவர். அன்றியும், இந்நீரே கீழ்நிலங்களுக்குப் பாசனமாகவும் பல ஊர்களுக்குக் குடிநீராகவும் செல்கின்றது. அதில் எண்ணெய் கசிவது நன்றன்று. ஆதலின் வள்ளத்திற்கு மின்மோட்டரைப் பூட்டலாமா என்னும் வினா இன்று பலரிடம் எழுந்துள்ளது. மோட்டரைத் தேர்தல் எளிது. வழக்கிலே பற்றரி எனப்படும் மின்கலவடுக்கையும், அதற்கு உயிரூட்டும் மின்னேற்றியையும் தேர்வதிலேதான் மக்கள் இடர்ப்படுகின்றனர். கடன் பட்டு வாங்கிய கலம் ஓராண்டிற் செத்துவிடின் அக்குடும்பம் மீள்வது அரிது; நடுநீரிலே கலம் ஓய்ந்து, கச்சான் காற்று எதிர்த்து வீசுமாயின் உயிருக்கே இடர். இதனை இயன்றவரை தெளிவாக விளக்குதல் நன்றெனக் கருதுகின்றோம்.

பழைய முயற்சியும் புதிய முயற்சியும்

மின்வள்ளம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1838ஆம் ஆண்டிலேயே யக்கோபி என்னும் அறிஞர் இரசியாவின் நேவா நதியில் மின்கலங்களால் ஒரு படகைச் செலுத்திக் காட்டினார். 1859இல் பிரான்சு நாட்டுப் பிளாந்தே, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க ஈயவமிலக் கலத்தை ஆக்கினார். லித்தியம் இரும்புப் பொசுபேற்றுக் கலத்திற்கு வழிவகுத்த ஆய்வு 1997இல் குடினப் என்பாரின் ஆய்வுக்குழுவிலிருந்து வெளிவந்தது. அவர் 2019இல் இரசாயனத்திற்கான நோபெற் பரிசினை மற்றிருவருடன் பகிர்ந்துகொண்டார். நமக்கு அயலான கேரளத்திலே, வைக்கத்திற்கும் தவணக்கடவிற்கும் இடையே 75 பேரை ஏற்றும் 'ஆதித்யா' என்னும் சூரியவொளிப் படகு 2017இற் சேவையைத் தொடங்கியது. எனவே இவ்வழி சோதனைக்கூடத்தின் கற்பனையன்று. நடைமுறையிற் கண்டறிந்த வழியே.

முதலிற் கணக்கு

கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளிற் கணக்கிடுதல் வேண்டும். மின்கலவடுக்கின் கொள்ளளவு அம்பியர்-மணியிற் குறிக்கப்படும். 20 அம்பியர் மின்னோட்டத்தை இரண்டு மணிநேரம் எடுத்தால் 40 அம்பியர்-மணி செலவாகும்.

55 இறாத்தல் உந்துவிசையுள்ள 12 வோல்ற்று மோட்டர் ஒன்றினை எடுத்துக்கொள்வோம். அது முழு வேகத்தில் ஏறக்குறைய 50 அம்பியரை, அஃதாவது 600 வாற்றினை உண்ணும். ஒருவர் வலைக்குச் சென்று திரும்ப, நடுத்தர வேகத்தில் 20 அம்பியர் வீதம் இரண்டு மணிநேரம் ஓடினால் 40 அம்பியர்-மணி. எதிர்காற்றில் முழு வேகத்துடன் அரைமணிநேரம் போராட 25 அம்பியர்-மணி. விளக்கிற்கு 4 அல்லது 5 அம்பியர்-மணி. ஆக மொத்தம் 70. எதிர்காற்றுக்கென ஒதுக்கிய பகுதியை ஒருபொழுதும் கழித்தலாகாது. அதுவே கரைசேர்க்கும் பகுதி.

இங்கே நினைவிற்கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. நீரிலே வேகத்தை இருமடங்காக்க ஏறக்குறைய எட்டு மடங்கு வலு தேவை. ஆகவே சற்று மெதுவாகச் செல்பவன் மிகத் தொலைவு செல்வான். பெரிய கலம் வாங்கப் பணமில்லாதோர்க்குப் பொறுமையே பாதிக் கலமாகும்.

எவ்வகைக் கலம்?

சந்தையிலே கிடைப்பனவற்றை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, லொறி, கார் முதலியவற்றின் எஞ்சினைக் கிளப்பும் கலம். எளிதிற் கிடைப்பதாலும் மலிவாயிருப்பதாலும் பலர் இதனையே வள்ளத்தில் வைக்கின்றனர். இதன் ஈயத்தகடுகள் மெல்லியவை. சில விநாடிகள் பெருமின்னோட்டத்தைத் தருவதற்கென்றே அமைந்தவை. மணிக்கணக்காக மின்னை உறிஞ்சி வெறுமையாக்கினால் தகடுகள் உதிர்ந்து, சில பத்துப் பயணங்களிலேயே கலம் பழுதாகும். மலிவென்று வாங்கியது ஈற்றில் மிக விலையுயர்ந்ததாக முடியும்.

இரண்டாவது, தடித்த தகடுகளையுடைய ஆழ்மின்னிறக்க ஈயவமிலக் கலம். இதில் நீர் ஊற்றும் வகையும், அடைத்த வகையும் உண்டு. எவ்வகையாயினும் பாதிக்கு மேல் வெறுமையாக்காதிருப்பதே நெறி; அந்நெறியிற் பயன்படுத்தினால் ஏறக்குறைய 300 முதல் 500 முறை பணிசெய்யும். நமது 70 அம்பியர்-மணிக்கு 140 வேண்டுமென்பது வெளிப்படை. ஆனால் கலத்தின்மேற் பொறித்த அளவு பெரும்பாலும் 20 மணிநேரத்தில் மெல்ல இறக்கும்போது கிடைப்பது. விரைவாக இறக்கினாற் குறையும். எனவே 100 அம்பியர்-மணிக் கலங்கள் இரண்டினைப் பக்கமாக இணைத்தல் தகும். ஒவ்வொன்றும் 25 முதல் 30 கிலோகிராம் நிறையுடையது. வள்ளத்திலே இன்னோர் ஆளை ஏற்றியதற்குச் சமம்.

மூன்றாவது, லித்தியம் இரும்புப் பொசுபேற்றுக் கலம். இதனை நூற்றுக்கு 80 பங்குவரை இறக்கலாம். ஆதலின் 100 அம்பியர்-மணிக் கலம் ஒன்றே போதும். நிறை 11 முதல் 13 கிலோகிராம் வரை. 2,000 முறைக்கு மேல் உழைக்கவல்லது. மிகை ஏற்றத்தையும் மிகை இறக்கத்தையும் தடுக்கும் காவற்சுற்று அதனுள்ளேயே இருத்தல் வேண்டும். அது இல்லாத கலத்தைத் தொடவேண்டா. அக்காவற்சுற்று 50 அம்பியரைத் தொடர்ந்து தாங்குமா என்பதையும் விற்போரிடம் வினவுதல் வேண்டும்.

எது இலாபம்? விலையை மட்டும் பாராது, விலையைப் பயண எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தல் வேண்டும். ஈய அடுக்கு 400 பயணமும் லித்தியம் 2,000 பயணமும் தாங்குமாயின், லித்தியத்தின் விலை ஈய அடுக்கினதைப் போல் ஐந்து மடங்கிற்குக் குறைவாயிருக்கும்வரை லித்தியமே மலிவாகும். நாடோறும் நீரில் இறங்குவோர்க்கு இதுவே ஏற்றது. விடுமுறைக்கு மட்டும் வள்ளத்தை அவிழ்ப்போர்க்கு ஈயம் போதும். ஆயினும் மாதம் ஒருமுறை மின்னேற்றத் தவறலாகாது.

மின்னேற்றி

நல்ல கலத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தகாத மின்னேற்றியே. ஈயவமிலக் கலத்திற்கு மூன்று படிகளில் மின்னேற்றுதல் வேண்டும். முதற்படியில் நிலையான மின்னோட்டம் பாய்ந்து, அழுத்தம் 14.4 வோல்ற்று வரை உயரும். இரண்டாம் படியில் அவ்வழுத்தம் நிலைத்துநிற்க, மின்னோட்டம் தானே தணியும். மூன்றாம் படியில் 13.5 வோல்ற்றளவிற் கலம் காக்கப்படும். பழைய மின்மாற்றி வகை மின்னேற்றிகளுக்கு இவ்வறிவு இல்லை. மறந்துவிட்டால் அமிலத்திலுள்ள நீரைக் கொதிக்கவைத்து வற்றச்செய்யும்.

மின்னோட்டத்தின் அளவு கொள்ளளவின் பத்திலொன்று முதல் ஐந்திலொன்று வரை இருத்தல் நன்று. நமது 200 அம்பியர்-மணி அடுக்கிற்கு 20 அம்பியர் மின்னேற்றி போதும். இரவு முழுவதும் விட்டால் விடியுமுன் நிரம்பும். தம்புள்ளைப் பகுதியின் வெப்பத்தையும் கருதுதல் வேண்டும். 25 பாகை செல்சியசிற்கு வகுத்த அழுத்தத்தை 35 பாகையில் 0.2 முதல் 0.3 வோல்ற்று வரை குறைத்தல் வேண்டும். வெப்பநிலையை உணர்ந்து தானே சரிசெய்யும் மின்னேற்றி கிடைப்பின் அதனையே கொள்க.

லித்தியத்திற்கெனவே அமைந்த மின்னேற்றி வேறு. அதன் உச்ச அழுத்தம் 14.2 முதல் 14.6 வோல்ற்று வரை. ஈயக்கலங்களைச் சமப்படுத்தவும் புதுப்பிக்கவும் உயரழுத்தம் செலுத்தும் மின்னேற்றியை இதில் இணைத்தலாகாது.

மின்வெட்டுக்கு அஞ்சுவோர் சூரியவொளியை நாடலாம். 100 வாற்றுத் தகடு ஒன்று நல்ல வெயிலுள்ள நாளிலே ஏறக்குறைய 400 வாற்று-மணி தரும். நமது பயணத்திற்கு 900 வாற்று-மணியும் அதன்மேல் இழப்பும் உண்டாதலால் 300 வாற்றுத் தகடும், இடையே ஏற்றக் கட்டுப்படுத்தியும் வேண்டும்.

காப்பு

மின்னேறும்போது ஈயவமிலக் கலத்திலிருந்து ஐதரசன் வாயு வெளிப்படும். காற்றிலே நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாற் பொறியொன்றே வெடிப்பிற்குப் போதும். படுக்கையறையிலும் அடுப்பங்கரையிலும் மின்னேற்றவே வேண்டா. கலப்பெட்டிக்கு மேற்பக்கத்தில் துவாரம் இருத்தல் அவசியம். கலம் கவிழாது கட்டப்படுதலும் அவசியம். கண்ணில் அமிலம் பட்டால் உடனே நீரால் நெடுநேரம் கழுவி வைத்தியரை நாடுக.

நேர்முனைக்கு மிக அண்மையில் உருகி ஒன்றை இணைத்தல் வேண்டும். 50 அம்பியர் பாயும் வயர், கலத்திலிருந்து மோட்டருக்கு 3 மீற்றர் தூரமாயின், 16 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுடையதாக இருத்தல் வேண்டும். மெல்லிய வயர் வெப்பமாகி மின்னை வீணாக்கும், தீயும் மூளும்.

நீர் ஊற்றும் கலத்திற்குக் காய்ச்சி வடித்த நீரன்றிக் கிணற்று நீர் ஆகாது. வரண்ட பகுதிக் கிணறுகளின் கடினநீர் தகடுகளைக் கெடுக்கும். மின்னிறங்கிய ஈயக்கலத்தை அப்படியே விட்டுவைத்தால் தகடுகளிற் சல்பேற்று இறுகிவிடும். கரைசேர்ந்த அன்றே மின்னேற்றுக. ஓய்ந்திருக்கும் கலம் 12.7 வோல்ற்று காட்டினால் நிறைவு, 12.2 காட்டினாற் பாதி. லித்தியக் கலத்திற்கு இவ்வளவு பொருந்தாது. அதன் அழுத்தம் பெரும்பகுதியும் மாறாது நிற்குமாதலின், செலவான அம்பியர்-மணியை எண்ணும் மானியே துணை.

வாங்கிய ஈயக்கலம் மெய்யாகவே 100 அம்பியர்-மணி உடையதா என்பதையும் அறியலாம். முழுதும் ஏற்றிய பின்னர் 60 வாற்று வாகனவிளக்கொன்றைப் பத்து மணிநேரம் எரியவிடுக. அது 5 அம்பியர் வீதம் 50 அம்பியர்-மணியை எடுக்கும். விளக்கை அணைத்துச் சில மணிநேரம் ஓய்வளித்த பின் 12.2 வோல்ற்றளவில் நிற்குமாயின் பொறித்த அளவு உண்மை. மிகத் தாழ்ந்திருப்பின் உத்தரவாதக் காலம் முடியுமுன் கடைக்குத் திருப்புக. பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் வோல்ற்றுமானியைக் கையாண்ட மாணவன் எவனும் இச்சோதனையைச் செய்ய இயலும். நீர்த்தேக்கக் கரையில் வாழும் உறவினர்க்கும் அயலார்க்கும் அவன் இவ்வுதவியைச் செய்வானாயின், வகுப்பறையிற் கற்ற ஓமின் விதி வள்ளமொன்றைக் கரைசேர்க்கும். கல்வியின் பயனென நாம் கருதுவதும் அதுவே.