தானாகத் திரும்பி வராத யோயோ

யோயோ என்றால் கீழே போகும், மேலே வரும். நம்மில் பலருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் இன்று போட்டி மேடைகளில் சுழலும் யோயோக்களில் பல, தாமாக மேலே வருவதே இல்லை. ஆடுபவர் அழைத்தால்தான் வரும். ஏறக்குறைய 100 ஆண்டுகளில் வந்த சில வடிவமைப்புகள், கயிற்றுக்கும் அச்சுக்கும் இடையிலான பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தியதால் வந்த மாற்றம் இது.

கட்டாமல் விட்ட கயிறு

யோயோ மிகப் பழைய விளையாட்டுப் பொருள். கிமு 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கிண்ணம் ஒன்றில், சிறுவன் ஒருவன் யோயோ ஆடும் ஓவியம் இருக்கிறது. பின்னாளில் ஐரோப்பாவில் புழங்கிய யோயோக்களில் கயிறு அச்சோடு இறுகக் கட்டப்பட்டிருந்தது. அதனால் ஏறி இறங்குவதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது.

பிலிப்பீன்ஸ் யோயோவில் கயிற்றைக் கட்டாமல், அச்சைச் சுற்றிச் சுருக்காக மாட்டினார்கள். கீழே போன யோயோ அந்தச் சுருக்குக்குள்ளேயே பம்பரம்போல் சுழன்றுகொண்டிருக்கும். லேசாக ஒரு சுண்டு சுண்டினால் கயிறு அச்சைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும். அப்படி நின்று சுழல்வதை ‘தூங்குவது’ என்பார்கள். தரையில் உருளவிட்டு நாயை நடத்திச் செல்வது, கயிற்றால் தொட்டில் கட்டி ஆட்டுவது போன்ற வித்தைகளுக்கெல்லாம் அந்தத் தூக்கம்தான் அடிப்படை.

இந்த யோயோவை அமெரிக்காவில் பரப்பியவர் பெட்ரோ ஃபுளோரஸ். பிலிப்பீன்சின் இலோகோஸ் நோர்ட்டே மாநிலத்திலிருந்து குடியேறியவர். ஹோட்டலில் பெட்டி தூக்கும் ஊழியராக வேலை பார்த்த அவர், 1928ல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் யோயோ நிறுவனத்தைத் தொடங்கினார். தொழில் சூடுபிடித்தது. பின்னர் அதை வாங்கிய டோனல்டு டங்கனின் பெயர்தான் உலகமெங்கும் பரவியது. ‘யோயோ’ என்ற சொல்லே டங்கன் நிறுவனத்தின் வணிக முத்திரையாக இருந்தது. அது அந்த விளையாட்டுப் பொருளின் பொதுப்பெயர்தான் என்று 1965ல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே, மற்ற நிறுவனங்களும் அச்சொல்லைப் பயன்படுத்த வழி பிறந்தது.

இறக்கை, கிளட்ச், பேரிங்

1950களின் இறுதியில் வந்தது டங்கனின் ‘பட்டர்ஃபிளை’. வழக்கமான யோயோவின் இரு பாதிகளையும் திருப்பி ஒட்டியதுபோல், வெளிப்பக்கம் அகன்று விரிந்த வடிவம் அதற்கு. சுழலும் யோயோவைக் கயிற்றின்மேல் பிடித்து நிறுத்துவது இதனால் எளிதானது. இன்றைய போட்டி யோயோக்களில் பல இந்த வடிவத்தின் வாரிசுகள்.

1980களில் ‘யோமெகா பிரெய்ன்’ வந்தது. இதன் உள்ளே ஒரு கிளட்ச் இருக்கும். வேகமாகச் சுழலும்போது அதன் எடைவைத்த கைகள் விரிந்து அச்சை விட்டுவிடும். வேகம் குறைந்ததும் ஸ்பிரிங் அவற்றை உள்ளே தள்ள, அச்சு பிடிபட்டு யோயோ தானே மேலே வந்துவிடும். புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு இது பெரிய வரம்.

அடுத்தது பேரிங். சான் ஃபிரான்சிஸ்கோ பல் மருத்துவர் டாம் கூன் 1990ல் வெளியிட்ட அலுமினிய யோயோவில் கயிறு நேரடியாக அச்சில் உரசாது. பந்துகள் பொதிந்த பேரிங்கின் மேல் இருக்கும். உராய்வு குறைந்ததால் தூங்கும் நேரம் பெருமளவு கூடியது. 1997ல் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் ‘ஹைப்பர் யோயோ’வைக் களமிறக்க, அடுத்த தலைமுறைப் பிள்ளைகளின் கைகளிலும் யோயோ ஏறியது.

அழைத்தால்தான் வரும்

2000களில் கடைசிப் பிடியும் விட்டது. பேரிங் அகலமானது, இடைவெளி கூடியது. எவ்வளவு சுண்டினாலும் யோயோ ஏறாது. கயிற்றை மடித்து இடைவெளிக்குள் செலுத்தி, அதையே பிடிமானமாக்கித்தான் மேலே வரவழைக்க வேண்டும். ஆனால் தடுமாறினாலும் பாதி வித்தையில் யோயோ கைக்கு ஓடிவந்துவிடாது என்பதால், ஆட்டக்காரர்களின் கற்பனைக்கு எல்லையே இல்லாமல் போனது. 2011ல் அமெரிக்காவின் ஓர்லாண்டோவில் நடந்த உலகப் போட்டியில், ஒற்றைக் கைப் பிரிவின் பட்டத்தைச் சிங்கப்பூரர் மார்க்கஸ் கோ வென்றார்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது இங்கேதான். பளபளக்கும் உலோக யோயோவை ஆசையாக வாங்கிக் கொடுத்தால், “இது கெட்டுப்போச்சு, மேலே வரமாட்டேங்குது” என்று பிள்ளை அதை மூலையில் வீசிவிடலாம். பழுது யோயோவில் இல்லை, அது பழகியவர்களுக்கானது. முதல் யோயோ, ஒரு சுண்டலில் திரும்பி வருவதாக இருக்கட்டும். கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

விலையுயர்ந்த போட்டி யோயோவைக் கழற்றிப் பார்த்தாலும் ஒன்று மட்டும் மாறாமல் இருக்கும். கயிற்றில் முடிச்சு கிடையாது. ஃபுளோரஸ் கொண்டுவந்த அதே சுருக்குதான்.