கீசர் வாங்குமுன் தண்ணீரைக் கேளுங்கள்

கடைக்குள் நுழைந்ததும் விற்பனையாளர் கேட்பது, “எத்தனை லிட்டர் சார் பார்க்கறீங்க?” அடுத்தது, “எத்தனை ஸ்டார்?” உங்கள் வீட்டில் வருவது போர் தண்ணீரா, ஆற்றுத் தண்ணீரா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கீசர் மூன்று வருஷம் உழைக்குமா, பத்து வருஷம் உழைக்குமா என்பது அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. முதலில் லிட்டர் கணக்கை முடித்துவிட்டு அங்கே வருவோம்.

15 லிட்டர் கீசர் என்றால் 15 லிட்டரில்தான் குளிக்கலாம் என்று அர்த்தமில்லை. உள்ளே 60 டிகிரியில் இருக்கும் தண்ணீரை யாரும் அப்படியே மேலே ஊற்றிக்கொள்வதில்லை, விளாவித்தான் குளிக்கிறோம். சென்னையில் பச்சைத் தண்ணீர் 28 டிகிரி என்று வையுங்கள். உடம்புக்கு இதமான 40 டிகிரிக்கு விளாவினால் அந்த 15 லிட்டர் 40 லிட்டராகிவிடும், அதாவது தாராளமாக இரண்டு வாளி. வெந்நீர் வெளியே வரவர உள்ளே பச்சைத் தண்ணீர் புகுந்து கலப்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும். அதே கீசரை ஊட்டிக்குக் கொண்டுபோங்கள். அங்கே தண்ணீர் 15 டிகிரி என்றால் விளாவியபின் கிடைப்பது 27 லிட்டர்தான். மலையில் இருப்பவர் 25 லிட்டர் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. சமவெளியில் ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கும் வீட்டுக்கு 15 லிட்டரே போதும். 2 கிலோவாட் காயில் சுமார் 17 நிமிடத்தில் அடுத்த ஆளுக்குத் தயார் செய்துவிடும். ஒரு முறை காய அரை யூனிட்டுக்குச் சற்று மேலே செலவாகும். தினம் இரண்டு முறை என்றால் இரண்டு மாத பில்லில் சுமார் 67 யூனிட் கீசர் கணக்கு.

சுவரில் சின்னதாக மாட்டும் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர் பலருக்கு ஏமாற்றமாகப் போவதற்கும் இதே கணக்குதான் காரணம். 3 கிலோவாட் காயில், நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடும் தண்ணீரை ஏறக்குறைய 14 டிகிரிதான் உயர்த்தும். சென்னையில் 28 என்பது 42 ஆகும், போதும். ஊட்டியில் 15 என்பது 29 ஆகும். அதைக் குளிர்ந்த நீர் என்றுதான் சொல்வார்கள். ஷவரை முழுசாகத் திறந்து நிமிடத்துக்கு 6 லிட்டர் விட்டால் சென்னையிலும் 7 டிகிரிதான் ஏறும். கிச்சன் சிங்குக்கு அது நல்ல சாமான். மழைபோல் கொட்டும் ஷவருக்கு அல்ல.

ஸ்டார் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கீசருக்கான ஸ்டார், சூடான தண்ணீர் சும்மா இருக்கும்போது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதை வைத்துத் தருவது. நாள் முழுக்க சுவிட்சைப் போட்டே வைக்கும் வீட்டுக்கு ஐந்து ஸ்டார் காசை மிச்சப்படுத்தும். காலையில் இருபது நிமிடம் போட்டுக் குளித்துவிட்டு அணைத்துவிடுகிறவருக்கு அதனால் பெரிய லாபமில்லை.

இனி தண்ணீர். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் அந்த 600-ஐயே தாண்டும். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டுக்காரருக்கு நான் சொல்வது புரியாது; அவர் பாக்கியவான். உப்புத் தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், கால்சியம் கார்பனேட்டாக மாறிச் சுண்ணாம்புபோல் காயில்மேல் படியும். சூடு ஏற ஏறப் படிவதும் வேகமாகும். 75 டிகிரியில் வைத்துப் பழகியவர்கள் 60-க்குக் குறைத்தாலே காயில் ஆயுசு கூடும். படிந்த உப்பு சூட்டைத் தண்ணீருக்குப் போகவிடாது. காயில் தனக்குள்ளேயே வெந்து ஒருநாள் வெடிக்கும். அதற்கு முன்பே கீசர் சொல்லிப் பார்க்கும்: சுவிட்ச் போட்டதும் உள்ளே பொரி பொரிகிற மாதிரி சடசடவென்று சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் சர்வீஸுக்குச் சொல்லுங்கள்.

காயில் போனால் மாற்றலாம். டேங்க் ஓட்டையானால் கீசரே போச்சு. டேங்கைக் காப்பதற்கென்றே உள்ளே ஒரு கம்பி உண்டு. ஆனோடு ராடு என்பார்கள், பெரும்பாலும் மெக்னீசியம். இரும்பைவிட மெக்னீசியம் சீக்கிரம் அரிபடும். அதனால் டேங்கின் உள்பூச்சில் எங்காவது மயிரிழை இடைவெளி இருந்தாலும், அரிப்பு முதலில் இந்தக் கம்பியைத்தான் தின்னும். பேரனுக்கு விழ வேண்டிய அடியைக் குறுக்கே வந்து வாங்கிக்கொள்ளும் பாட்டி மாதிரி. புதிதில் விரல் தடிமன் இருக்கும். போர் தண்ணீர் வீட்டில் ஒரு வருஷம் கழித்துக் கழற்றினால் நடுவில் இருக்கும் இரும்புக் கம்பி மட்டும் அங்கங்கே வெள்ளைக் கட்டி ஒட்டியபடி வருவதைப் பார்க்கலாம். அது தீர்ந்த நாளிலிருந்து தண்ணீர் டேங்கைத் தின்னத் தொடங்கும். ராடின் விலை என்னவோ புதுக் கீசர் விலையில் ஒரு சிறு பங்கு. “ராடு தேய்ஞ்சிருக்கா, எடுத்துக் காட்டுங்க” என்று சர்வீஸுக்கு வருகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு “சர்வீஸ் ஆச்சு சார்” என்று கிளம்புகிறவர் யார், வேலை தெரிந்தவர் யார் என்று அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும்.

உப்புத் தண்ணீர் வீட்டில் வருஷம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்வது நல்லது. நல்ல தண்ணீரில் இரண்டு வருஷம் தாங்கும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை உள்ளே ஊற்றிப் பொங்கவிடுகிறவரை மட்டும் தடுத்துவிடுங்கள். உப்பும் போகும், டேங்கின் பூச்சும் போகும். கடலோர வீடுகளுக்கு இன்னொரு தொல்லை: அந்தப் போர் தண்ணீரில் குளோரைடு அதிகம், அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் ஊசித் துவாரம் போடும்.

அடுத்து, கீசருக்குக் கீழே சொட்டும் அந்த வால்வு. “லீக் ஆகுது, அடைச்சு விடுங்க” என்று பிளம்பரிடம் சொல்கிறவர்கள் உண்டு. அடைத்துவிடும் பிளம்பர்களும் உண்டு. தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் 28-லிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது ஒரு டம்ளர் அளவு, 200 மில்லி, கூடுதலாகிறது. திரும்பிப் போக வழியில்லாமல் நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கும் வீட்டில் அந்த ஒரு டம்ளர் வெளியேற வேண்டிய வாசல் இதுதான். சூடாகும்போது மட்டும் சொட்டினால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். சுவிட்ச் அணைத்திருக்கும்போதும் ஒழுகிக்கொண்டே இருந்தால்தான் கோளாறு. தெர்மோஸ்டாட் பழுதாகித் தண்ணீர் கொதிக்கும் நாளில் அடைபட்ட வால்வோடு இருக்கும் கீசர், குளியலறையில் மாட்டிய வெடிகுண்டு.

வயரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். 2 கிலோவாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 3 கிலோவாட், 13. பிளக் 16 ஆம்பியராக இருக்க வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. பிளக் கால் கருத்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். எர்த் இருக்க வேண்டும்; 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மெயின் பாக்ஸில் இருக்க வேண்டும். எல்லாம் இருந்தாலும் அணைத்துவிட்டுக் குளிப்பதே நல்ல பழக்கம்.

கேஸ் கீசரில் வெந்நீர் ஓயாமல் வரும். ஆனால் அதைப் பூட்டிய குளியலறைக்குள் மாட்டக் கூடாது, வென்டிலேட்டர் இருந்தாலும் கூடாது. எரிவாயு போதிய காற்றில்லாமல் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிக்கிறவருக்குத் தெரியுமுன் மயக்கம் வந்துவிடும். பால்கனி போன்ற திறந்த இடம் இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

தனி வீடும் வெயில் விழும் மொட்டை மாடியும் உள்ளவர்கள் சோலாரை யோசிக்கலாம். இரண்டு மூன்று பேருக்கு 100 லிட்டர் போதும். உப்புத் தண்ணீரில் அதன் குழாய்களும் அடைக்கும் என்பதால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த மாடலாகக் கேளுங்கள். மாடியிலிருந்து கீழ்த்தள குளியலறைக்குக் குழாய் எவ்வளவு தூரம் என்றும் அளந்துகொள்ளுங்கள். முக்கால் அங்குலக் குழாய் 20 மீட்டர் ஓடினால் அதில் 5 லிட்டர் பச்சைத் தண்ணீர் நிற்கும்; ஒவ்வொரு காலையும் அது வந்து தீர்ந்தபிறகுதான் வெந்நீர். அதைப் பிடித்துப் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள்ள வீட்டில் ஆள் உண்டா என்று முதலில் கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.