ஒரே பெயரில் இரு அட்டவணைகள்

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் அட்டவணைகள் யாவும் 'ஸ்கீமா' எனப்படும் பிரிவுகளுள் வைக்கப்படுகின்றன. பயிற்சிப் பிரிவில் 'மழை' என்றோர் அட்டவணையும், மெய்ப்பதிவுகளுக்குரிய பிரிவில் அதே பெயருடைய மற்றொன்றும் இருக்கலாம்.

கட்டளையில் 'மழை' என்று மட்டும் எழுதினால் எந்த அட்டவணை திறக்கும்? அதைக் கட்டளை தீர்மானிப்பதில்லை, இணைப்பே தீர்மானிக்கிறது. ஒவ்வோர் இணைப்புக்கும் 'தேடல் வழி' என்னும் அமைப்பு உண்டு. அதில் கண்ட பிரிவுகளை வரிசைப்படி பார்த்து, முதலில் அகப்படுவதையே தரவுத்தளம் எடுத்துக்கொள்ளும். வேறு ஏற்பாடு செய்யாதவிடத்து, பயனரின் பெயரைக் கொண்ட பிரிவு முதலிலும், 'பப்ளிக்' என்னும் பொதுப் பிரிவு அடுத்தும் நிற்கும்.

ஆபத்து இங்கேதான் உளது. களத்தில் எடுத்த அளவு பயிற்சி அட்டவணையிற் போய்ச் சேர்ந்தாலும், இரண்டின் பத்திகளும் ஒத்திருப்பின் பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. தோன்றினால் அது நன்மையே. பொதுப் பிரிவில் எவரும் அட்டவணை அமைக்கலாம் என்ற பழைய வழக்கம் 2022-இல் வெளிவந்த 15-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. எனினும் பழைய தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்குக் கொணர்ந்தால் அவ்வுரிமையும் உடன் வந்துவிடும்.

பயனருக்கெனத் தேடல் வழியை நிலையாக மாற்றியமைத்தாலும், முன்பே திறந்துள்ள இணைப்புகள் பழைய வழியிலேயே செல்லும். மறுபடி இணைந்த பின்னரே மாற்றம் பலிக்கும். பலர் ஓர் இணைப்பை மாறிமாறிப் பயன்படுத்தும் ஏற்பாட்டிலோ, ஒருவர் மாற்றிய வழி அடுத்தவரைச் சென்று பற்றவுங் கூடும். ஆதலின் மெய்ப்பதிவுகளைப் 'பதிவு.மழை' எனப் பிரிவின் பெயரோடு புள்ளியிட்டு எழுதுவதே தக்கது. ஐயம் எழுமிடத்து, அப்போதைய தேடல் வழியைக் காட்டுமாறு தரவுத்தளத்தையே கேட்டறியலாம்.