அப்புச்சி முகம் ஏன் உரிஞ்சுது? டி-ஷர்ட் பிரின்ட் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

போன வருஷம் எங்க அப்புச்சிக்கு 80-வது பிறந்தநாள். "எல்லாரும் ஒரே மாதிரி டி-ஷர்ட் போடலாமா?" என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தர் கொளுத்திப் போட்டார். அந்த ஒருத்தர் நான்தான். அம்மாயி முதல் மூணு வயசு வாண்டு வரை மொத்தம் 32 டி-ஷர்ட். கறுப்புத் துணி, நெஞ்சு முழுக்க அப்புச்சி தன்னோட பழைய மொபெட்டில் உட்கார்ந்து சிரிக்கிற போட்டோ. ஆன்லைனில் தேடி, இருப்பதிலேயே ரேட் கம்மியாகச் சொன்ன ஒரு கடையில் ஆர்டர் போட்டேன்.

வந்தப்போ சும்மா ஜம்முனு இருந்துச்சு. அன்னிக்கு எடுத்த குரூப் போட்டோதான் இன்னமும் எங்க வீட்டில் பாதிப் பேருக்கு டிபி. பிரச்னை ரெண்டாவது சலவையில் ஆரம்பிச்சுது. முதலில் மொபெட்டின் பின் டயர் ஓரம் லேசாகத் தூக்கியது. அடுத்த வாரம் அப்புச்சியோட காது. பிறகு, சுருக்கமாக இருக்கிறதே என்று அம்மா நல்லெண்ணத்தில் அயர்ன் பாக்ஸை நேராக அந்தப் போட்டோ மேலேயே வைத்துத் தேய்க்க, அப்புச்சியின் பாதி முகம் அயர்ன் பாக்ஸோடு வந்துவிட்டது. பிறந்தநாள் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

என் பெரியம்மா பையன் திருப்பூரில் டி-ஷர்ட் பிரின்டிங் ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றில் சூப்பர்வைசர். அப்புறம் ஏன் வெளியில் கொடுத்தாய் என்று கேட்பீர்கள். அவருக்கும் சேர்த்து சர்ப்ரைஸ் கொடுக்கணும்னு ஆசைப்பட்டதுதான் காரணம். உரிஞ்ச டி-ஷர்ட்டை எடுத்துக்கொண்டு அவர் யூனிட்டுக்கே போனேன். துணியை ரெண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார், நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். "ஏனுங் அம்மிணி, இது டிடிஎஃப். தப்பு மெஷின்ல இல்ல. அவசரத்துல இருக்குது" என்றார். அன்று மதியம் முழுக்க அங்கேயே உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை.

வெள்ளைதான் ஹீரோ

டிடிஎஃப் என்றால் 'டைரக்ட் டு ஃபிலிம்'. பேரிலேயே விஷயம் இருக்கிறது. டிசைனைத் துணியில் அச்சடிப்பதில்லை. முதலில் ஒரு பிளாஸ்டிக் ஃபிலிமில் அச்சடித்து, அதைச் சூடு வைத்துத் துணிக்கு மாற்றுகிறார்கள். சின்ன வயசில் பபிள்கம் கவருக்குள் வரும் டாட்டூவைத் தண்ணி தொட்டுக் கையில் ஒட்டுவோமே... அதோட பெரியண்ணன்.

பிரின்டரில் நம்ம வீட்டு பேப்பருக்குப் பதிலாக, ஒரு பக்கம் கோட்டிங் உள்ள பாலியஸ்டர் ஃபிலிம் ரோல் ஓடுகிறது. டிசைன் இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிவதுபோல விழும். முதலில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. அதன் மேல் முழுக்க மூடுகிற மாதிரி வெள்ளை இங்க். 'படத்து மேலேயே வெள்ளை அடிக்கிறாங்களே' என்று நான் பதறினேன். ஃபிலிமைத் துணி மேல் கவிழ்க்கும்போது எல்லாம் தலைகீழாகிவிடும். வெள்ளை அடியில் போய், கலர் மேலே வரும். கறுப்புத் துணியில் அப்புச்சியின் வெள்ளை வேட்டி பளிச்சென்று தெரிவதற்கு அடியில் இருக்கும் இந்தப் படலம்தான் காரணம். சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் முன் பிரைமர் அடிப்பதுபோல.

இங்க் ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் கோலமாவு மாதிரி ஒரு வெள்ளைப் பொடியைத் தூவுகிறார்கள். சூட்டில் உருகும் பசைப் பொடி அது. ஈரம் இருக்கும் இடத்தில் மட்டும் ஒட்டும், மீதியை உதறிவிடுவார்கள். அப்புறம் ஃபிலிம் ஒரு சின்ன அவனுக்குள் போய், பொடி உருகிப் பளபளவென்று வெளியே வருகிறது. இந்த நிலையில் சுருட்டி, ஈரம் படாமல் வைத்துக்கொண்டால் பல வாரம் கழித்துக்கூட எடுத்து ஒட்டலாம்.

எங்க டி-ஷர்ட்டில் முதல் தப்பு நடந்தது அநேகமாக இங்கேதான் என்றார் அண்ணன். பொடி முழுசாக உருகவில்லை. அரைவேக்காடு. பார்க்க அச்சு அசலாக இருக்கும், தண்ணி பட்டதும் விட்டுக்கொடுக்கும்.

அந்தப் பதினைந்து செகண்ட்

அடுத்தது ஹீட் பிரஸ். திருப்பூர் பக்கம் ஃபியூசிங் மெஷின் என்றும் சொல்வார்கள். தோசைக்கல்லைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு சூடான தட்டு. பொதுவாக 150 முதல் 160 டிகிரி செல்சியஸ், பத்துப் பதினைந்து செகண்ட், நல்ல அழுத்தம். இந்த மூன்றில் எது குறைந்தாலும் பசை நூலுக்குள் இறங்காமல் மேலாகவே உட்கார்ந்துவிடும். 'வீட்டில் அயர்ன் பாக்ஸ் இருக்கே, அதிலேயே ஒட்டிக்கலாமே' என்று நினைப்பவர்களுக்கு: அதன் அடித்தட்டில் எல்லா இடமும் ஒரே சூடு கிடையாது, நாம கையால் கொடுக்கிற அழுத்தமும் சீராக இருக்காது.

ஆனால், நான் அங்கே அதிகம் கவனித்தது பிரஸ்ஸுக்கு முன்னும் பின்னும் நடக்கிற ரெண்டு சின்ன வேலைகளை. ஃபிலிம் வைப்பதற்கு முன் வெறும் டி-ஷர்ட்டை மூணு நாலு செகண்ட் அழுத்தி எடுக்கிறார்கள். காட்டன் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அதை விரட்டாவிட்டால் ஆவியாகிப் பசையைத் தூக்கிவிடும். பிறகு ஃபிலிமை வைத்து அழுத்தி, ஆறவிட்டு உரிக்கிறார்கள். சூட்டோடு உரிக்கிற ரக ஃபிலிமும் உண்டு. அது தெரியாமல் ஆறவேண்டியதைச் சூட்டோடு இழுத்தால் போச்சு. உரித்த பிறகு, மேலே டெஃப்லான் ஷீட்டோ பட்டர் பேப்பரோ போட்டு ரெண்டாவது முறை ஒரு அழுத்து. பிளாஸ்டிக் பளபளப்பு போய்த் துணியோடு துணியாக மாறுவது அந்த ரெண்டாவது அழுத்தில்தான்.

ஒரு டி-ஷர்ட்டுக்கு இந்த ரெண்டும் சேர்ந்து அதிகபட்சம் அரை நிமிஷம். ரேட்டைக் குறைக்கிற கடை, முதலில் குறைப்பது இந்த அரை நிமிஷத்தைத்தான் என்பது அண்ணனின் கணிப்பு. 32 டி-ஷர்ட்டுக்குக் கணக்குப் போட்டால் கால் மணி நேரம். அதற்குத்தான் எங்க அப்புச்சி காதை இழந்தார்.

எல்லாத்துக்கும் டிடிஎஃப்பா?

இல்லை. கடைக்காரர் 'டிஜிட்டல் பிரின்ட்' என்று பொதுவாகச் சொன்னால் எந்த முறை என்று கட்டாயம் கேளுங்கள். காலேஜ் சிம்போசியத்துக்கு 300 டி-ஷர்ட், ரெண்டே கலர் லோகோ என்றால் பழைய ஸ்கிரீன் பிரின்டிங்தான் ராஜா. கலருக்கு ஒரு ஸ்கிரீன் தயாரிக்க வேண்டும் என்பதால் ஆரம்பச் செலவு உண்டு. எண்ணிக்கை கூடக்கூட அது பங்கு பிரிந்து காணாமல் போகும். ஒன்றோ பத்தோ மட்டும், அதுவும் ஏகப்பட்ட கலர் உள்ள போட்டோ என்றால் டிடிஎஃப் லாபம்.

கிரிக்கெட் டீம் ஜெர்ஸி வேற கதை. அது பெரும்பாலும் பாலியஸ்டர். வெளிர் நிற ஜெர்ஸிக்கு சப்ளிமேஷன் பொருத்தம். சுமார் 200 டிகிரி சூட்டில் மை ஆவியாகி நூலுக்குள்ளேயே புகுந்துவிடும், தொட்டால் பிரின்ட் இருப்பதே தெரியாது. ஆனால் அதில் வெள்ளை மை கிடையாது, எனவே கறுப்பு ஜெர்ஸிக்கு ஆகாது, காட்டனில் நிற்காது. அடர் சிவப்பு பாலியஸ்டரில் டிடிஎஃப் போட்டால் இன்னொரு தலைவலி: சூட்டில் துணியின் சாயமே மேலேறி வெள்ளை எழுத்து ரோஸாகிவிடும். சில சமயம் ரெண்டு நாள் கழித்து மாறும், கடைக்காரர் கண்ணுக்கே தெரியாது. சூட்டைக் குறைத்து, அதற்கென உள்ள பசையைப் பயன்படுத்தினால் தவிர்க்கலாம். ஆர்டர் கொடுக்கும்போதே துணி என்னவென்று சொல்லிவிடுங்கள்.

காட்டனிலும் 180 ஜிஎஸ்எம் என்றால் சாதாரண டி-ஷர்ட் கனம். ஓவர்சைஸ் ரகங்கள் 220, 240 என்று போகும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். ரொம்ப மெல்லிய துணியில் பெரிய பிரின்ட் போட்டால் போஸ்டர் ஒட்டிய மாதிரி விறைத்து நிற்கும்.

போட்டோ அனுப்புறதுல நம்ம தப்பு

இங்கே குற்றவாளி நான். அந்த மொபெட் போட்டோவை மாமா குரூப்பில் போட்டிருந்தார், அதையே டவுன்லோடு செய்து கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அப்படி அனுப்பும் போட்டோவின் நீளமான பக்கம் பெரும்பாலும் 1,600 பிக்ஸலாகச் சுருங்கிவிடுகிறது. நல்ல அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 பிக்ஸல் வேண்டும். 12 அங்குலப் படத்துக்கு 3,600. நான் கொடுத்ததோ பாதிக்கும் குறைவு. போட்டோவை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் சுருங்காது. லோகோ, எழுத்து என்றால் பின்னணி இல்லாத பிஎன்ஜி ஃபைல். நிழல், புகை மாதிரி மங்கிப்போகும் எஃபெக்ட் வேண்டாம். அடியில் இருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கும். தலைமுடி மாதிரி மெல்லிய கோடுகளும் வேண்டாம், ஒட்டிக்கொள்ளப் போதிய இடமில்லாததால் அவைதான் முதலில் உரியும்.

இன்னொன்று, நடிகர் போட்டோ. உங்களுக்கு மட்டும் ஒன்று அடித்துப் போட்டுக்கொள்வது வேறு, அடித்து விற்பது வேறு. 2023 ஜனவரியில் ரஜினிகாந்த் தரப்பு வழக்கறிஞர், அவரது பெயர், படம், குரலை அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பொது அறிவிப்பே வெளியிட்டார். இன்ஸ்டா பேஜ் ஆரம்பித்து 'தலைவர் டீ' விற்கும் பிளான் இருந்தால் ஒருமுறை யோசியுங்கள்.

பிரின்டர் வாங்கலாமா?

'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' ரீல்ஸ் பார்த்துவிட்டு என் ஃப்ரெண்ட் ஒருத்தி லோன் போட்டு டிடிஎஃப் பிரின்டர் வாங்கும் முடிவில் இருந்தாள். அண்ணனிடம் கேட்டதும் முதலில் அவர் சொன்னது: "தினமும் ஓட்டற அளவுக்கு ஆர்டர் இருக்குதான்னு கேளு."

காரணம், அதே வெள்ளை. வெள்ளை இங்க்கில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு கனமானது, சும்மா விட்டால் அடியில் படிந்துவிடும். நாலு நாள் மெஷினை நிறுத்தினால் பிரின்ட் ஹெட்டின் நுண்ணிய துளைகள் அடைத்துக்கொள்ளும். பிரின்டரில் விலை உயர்ந்த பாகமே ஹெட்தான். சாதாரண ஆறு கலர் போட்டோ பிரின்டரை மாற்றியமைத்து விற்கும் சின்ன மெஷின்களில் பெரும்பாலும் இங்க்கைக் கலக்கும் ஏற்பாடும் கிடையாது. கூடவே, பொடி காற்றில் பறக்கும், உருக்கும்போது புகை வரும். எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாத பெட்ரூமில், குழந்தை தூங்கும் வீட்டில் வைக்கிற மெஷின் இல்லை இது. ரீல்ஸில் இதை யாரும் காட்டுவதில்லை.

பாதி வழி ஒன்று உண்டு. ஃபிலிமை மட்டும் அச்சடித்து மீட்டர் கணக்கில் தரும் ஜாப் ஒர்க் யூனிட்கள் திருப்பூரில் இருக்கின்றன. ஒரே மீட்டரில் பத்துப் பதினைந்து டிசைனை இடைவெளி விடாமல் அடுக்கிக் கொடுத்தால் செலவு குறையும். 'கேங் ஷீட்' என்கிறார்கள். காதர்பேட்டையில் பிளைன் டி-ஷர்ட், கையில் ஒரு ஹீட் பிரஸ், அவ்வளவுதான் முதலீடு. ஃப்ரெண்ட் இப்போது இதைத்தான் செய்கிறாள். இந்த ஆறு மாதத்தில் லாபம் என்று பெரிதாக இல்லை. ஆனால் இஎம்ஐ என்றும் எதுவும் இல்லை.

துவைக்கிற கல்லுக்கு லீவு விடுங்க

நல்லபடி செய்த பிரின்ட்டைக்கூட நாம் கொல்லலாம். ஒட்டி ஒரு நாளாவது ஆகாமல் துவைக்கக் கூடாது. உள்பக்கம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணியில், ப்ளீச் இல்லாமல். கல்லில் அடிப்பது, பிரஷ் போடுவது ரெண்டும் கூடவே கூடாது. நிழலில் காயப்போடுங்கள். அயர்ன் பண்ணுவதும் திருப்பிப் போட்டுத்தான். டெலிவரி வாங்கும்போது, பிரின்ட்டை லேசாக இழுத்துப் பாருங்கள். மெல்லிய விரிசல் விழுந்தால் வேக்காடு பத்தவில்லை. பெரிய ஆர்டர் என்றால் ஒரே ஒரு சாம்பிள் வாங்கி, மூணு முறை துவைத்துப் பார்த்துவிட்டு மீதிக்குப் பணம் கட்டுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகு, அப்புச்சிக்குப் புதுசாக ஒன்று அடித்துத் தருகிறேன் என்று அண்ணன் கிளம்பினார். ஒரிஜினல் போட்டோவை மாமாவின் பழைய போனிலிருந்து தேடி எடுத்தோம். அளவு எடுக்க வீட்டுக்குப் போனால், அப்புச்சி அந்த உரிஞ்ச டி-ஷர்ட்டைத்தான் போட்டிருந்தார், உள்பக்கம் வெளியே தெரிய. ஏன் என்று கேட்டேன். "நெஞ்சுல பிளாஸ்டிக் ஒட்டுன மாதிரி ஒரே வேக்காடு சாமி. ஆனா நீ வாங்கிக் கொடுத்ததாச்சே, போடாம இருக்க முடியுமா?" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். இங்க்கும் பசையும் சேர்ந்த படலத்தில் காற்றுப் போகாது, நெஞ்சு முழுக்க அடித்தால் சித்திரை வெயிலில் வெந்துதான் போகும். நெஞ்சளவு இருந்த படத்தை மூன்றரை அங்குலத்துக்குக் குறைத்தோம். இப்போது வெள்ளை டி-ஷர்ட்டில், பாக்கெட் இருக்க வேண்டிய இடத்தில், மொபெட்டில் உட்கார்ந்திருக்கிறார் அப்புச்சி. 14 சலவை ஆகிவிட்டது. காது இருக்கிறது.